டயருக்கு அஸ்திவாரம்

அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல் என்று டாக்டர் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டாள். “இருவது வருசமா தலையில சொமந்தது பத்தாதுன்னு உள்ள வேற போயி ஒக்காந்துட்டாக்கும்?” என்றாள். அப்பா கொத்தனார். அம்மா அவர் கூடவே வேலைக்குப் போகும் சித்தாள். செங்கல், ஜல்லி, கலவை என்று அவள் தலையில் ஏறாத சாமான் கிடையாது. டாக்டருக்கும் சிரிப்பு வந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று அவர் அடுத்துக் கேட்டதும் அம்மாவின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். “குடிப்பேன்” என்றாள்.

வெளியே வந்து தென்காசி பேருந்து நிலையத்தில் நிற்கும்போதுதான் உண்மையைச் சொன்னாள்.

“காலைல ஒரு செம்பு. பொறவு சாயங்காலம் வீட்டுக்கு வந்துதாம்லே. நடுவுல குடிச்சா எங்கன போவ?”

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. கட்டுகிற வீட்டில் கழிப்பறை கடைசியாகத்தான் வரும். அது வருவதற்குள் அம்மா அடுத்த மனைக்குப் போயிருப்பாள். ஆண்கள் வேலி ஓரம் ஒதுங்கிக்கொள்வார்கள். எங்கள் குத்துக்கல்வலசையில் வயலாகக் கிடந்த இடமெல்லாம் இப்போது கல் நட்ட மனைகள். பெண்கள் ஒதுங்க ஒரு புதர்கூட மிச்சமில்லை. நான் பள்ளிக்கூடம், பாலிடெக்னிக் என்று போய், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் என்று பெயர் வாங்கிய வருடங்கள் முழுவதும் அம்மா தாகத்தோடு செங்கல் சுமந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு இரண்டு வாரம் கழித்து, ஐந்தருவி போகிற சாலையில் ஒரு லாட்ஜுக்கு மாடி எடுக்கும் வேலை நடந்தது. குற்றால சீசன் தொடங்கிவிட்டது. எதிரே வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய வண்டி நின்றது. வெளியூர்க் குடும்பம் ஒன்று அருவியில் குளித்துவிட்டு வந்து அதற்குள்ளேயே உடை மாற்றி, சமைத்து, படுத்துக்கொண்டது. நான் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனபோது அம்மா என்னிடம் சொன்னாள்: “அந்த வண்டிக்குள்ள கக்கூசு இருக்காம்லா. அந்தப் பொம்பள சொல்லுதா.” ஆசைப்பட்டுச் சொன்னதில்லை. குரங்கு யாருடைய பையையோ பிடுங்கிக்கொண்டு போனது என்பதைப் போல ஒரு சீசன் செய்தியாகத்தான் சொன்னாள். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

நான் ஒரு டிராக்டர் ஷோரூமில் வேலை பார்க்கிறேன். சர்வீசுக்கு வரும் வண்டிகளுக்கு ஜாப் கார்டு எழுதுவது என் வேலை. ஸ்பேனரைப் பிடிப்பது வேறு ஆட்கள். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்திருந்தாலும் என் கையில் கிரீஸ் பட்டது குறைவு. ஆனாலும் போனில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். எங்கெங்கோ இருப்பவர்கள் பழைய டிரெய்லர் வாங்கி, அதன்மேல் மரத்திலும் தகரத்திலும் சின்ன வீடு கட்டி, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கழிப்பறை. ஏரிக்கரையில் நிறுத்திவிட்டுக் காபி குடிக்கிறார்கள். எங்களுக்கு ஏரிக்கரை வேண்டாம். கலவை மெஷினை இழுத்துக்கொண்டு மனை மனையாகப் போகும் டிராக்டருக்குப் பின்னால் இதையும் மாட்டிவிட்டால் போதும். அம்மா தண்ணீர் குடிக்கலாம். முதுகு வலித்தால் பத்து நிமிடம் நீட்டிப் படுக்கலாம்.

தென்காசியில் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற ஒருவர், ஜெனரேட்டர் வைத்து இழுக்கும் பழைய டிராலி ஒன்றைப் போட்டுவைத்திருந்தார். இரண்டு சக்கரம், ஒன்பதடி நீளம், ஐந்தடி அகலம், புதிதாக நீலப் பெயின்ட். பெயின்ட்டைப் பார்த்துத்தான் வாங்கினேன். அது ஆனி மாதக் கடைசி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அடுத்த வேலை, குற்றாலம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சுற்றிலும் வெறும் மனையாகக் கிடக்கும் இடத்தில் ஒரு வீடு. ஆடியில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். ஆவணி பிறந்து முதல் வளர்பிறையில் தொடக்கம். ஆக எனக்கு ஆடி ஒரு மாதம் இருந்தது. அதற்குள் முடியாவிட்டால் அம்மா மறுபடியும் காலையில் ஒரு செம்போடு வேலைக்குப் போவாள். அடுத்த ஆறேழு மாதமும் அப்படித்தான்.

டிராலியை வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்தியதும் அப்பா முதலில் செய்த காரியம், பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து இரும்பின்மேல் வைத்ததுதான். கண்ணாடிக்குழாயில் குமிழி ஒரு பக்கமாக ஓடி முட்டிக்கொண்டு நின்றது.

“எடது பக்கம் எறங்கிக் கெடக்கு” என்றார். நம்பிக்கை வராமல் டியூபில் தண்ணீர் பிடித்து நான்கு மூலைக்கும் மட்டம் பார்த்தார். இடது பக்கம் முக்கால் அங்குலம் இறக்கம், பின் மூலையில் கொஞ்சம் கூடுதல்.

“இத எடுக்காம மேல கட்டுனா கட்டடம் நிக்காது.”

“இது கட்டடம் இல்லப்பா, வண்டி.”

“எதுவா இருந்தா என்ன? தரை மட்டமில்லாம செவுரு எப்படிலே நிக்கும்?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வீடியோவிலும் ஆளுக்கொரு மட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதானே அலைகிறார்கள்.

என்னோடு எட்டாவது வரை படித்த நண்பன் ஒருவன், பிறகு படிப்பை விட்டுவிட்டு, இப்போது எங்கள் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். ஊரில் புதிது புதிதாக முளைக்கும் வீடுகளுக்கெல்லாம் கேட், ஜன்னல் கம்பி அவன்தான். எங்கள் அளவைச் சொன்னதும், இடது பக்கச் சட்டமான சேனல் இரும்பின்மேல் பட்டை இரும்பை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அப்பா மட்டம் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

அடுத்த நாள் காலையில் பார்த்தால் இடது பக்கம் மறுபடி கால் அங்குலம் இறங்கியிருந்தது.

நண்பனைக் கூப்பிட அப்பாவுக்குக் கூச்சம். தகடு வெட்டி அவரே அடியில் கொடுத்தார். மறுநாள் மீண்டும் இறங்கியிருந்தது. ஆடிக் காற்றும் சாரலும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. மணல் தரை ஊறிப்போய், சக்கரத்தின் அடிப்பாகம் அதற்குள் புதைந்து கிடந்தது. அப்பா குத்தவைத்து உட்கார்ந்து அந்த மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். முப்பது வருடம் மண்ணைப் பார்த்தவர்.

“பூமி எறங்குது” என்றார். “வண்டி மேல குத்தமில்ல. அடிமண்ணு சரியில்ல.”

அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஜாக்கி வைத்து இடது பக்கத்தைத் தூக்கினோம். சக்கரம் நின்ற இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டினோம். அடியில் உடைகல், அதன்மேல் ஜல்லி, அதற்குமேல் சிமென்ட் கலவை. அப்பா மணியாக வேலை செய்தார். மேலே தேய்த்து, நூல் பிடித்து, ஓரம் எடுத்து, இரண்டு நாள் சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஷோரூமுக்குப் போகும்முன் நானும் ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போவேன். மூன்றாம் நாள் சக்கரத்தை அந்தப் படுக்கையின்மேல் இறக்கினோம்.

அதற்கடுத்த நாள் இன்னும் அரை அங்குலம் இறங்கியிருந்தது.

வேறு வழியில்லாமல் நண்பனைக் கூப்பிட்டேன். பைக்கை நிறுத்தி இறங்கியவன் டிராலியைப் பார்த்தான், கான்கிரீட்டைப் பார்த்தான், காலால் டயரை ஓர் உதை விட்டான். டயர் தொளதொளவென்று நெளிந்தது. எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்தான். சின்னதாக ஒரு குமிழி வந்து உடைந்தது.

“லே டிப்ளமா” என்றான். “அப்பாவும் மவனுமா டயருக்கு அஸ்திவாரம் போட்டிருக்கீயளா?”

அப்பா குனிந்து வால்வைப் பார்த்தார். நண்பன் விடுவதாக இல்லை. “மாமாவாவது வீட்டத் தவிர வேற ஒண்ணும் கட்டுனதில்ல, சரி. நீ மெக்கானிக்கல்லாலே? ஒங்க கடையில வண்டி வந்ததும் மொதல்ல என்னத்தலே பாப்பீய?”

ஜாப் கார்டின் முதல் வரியே டயர் காற்றுதான். ஒரு நாளைக்குப் பத்து முறை நான் என் கையால் டிக் போடுகிற கட்டம் அது.

வால்வை மாற்றிக் காற்று அடித்ததும் இடது பக்கம் ஓர் அங்குலத்துக்கு மேல் எழும்பி நின்றது. நாங்கள் வைத்த தகடும் பட்டையும் இப்போது அந்தப் பக்கத்தை மேடாக்கிக் காட்டின. அத்தனையையும் கிரைண்டர் போட்டு அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. ஆடியில் ஒன்பது நாள் போய்விட்டது. கான்கிரீட்டை உடைக்க அப்பா கடப்பாரையை எடுத்தார். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

“நல்லாத்தான இருக்கு. துணி தொவைக்க ஆவும். விடும்.”

இப்போதும் அதில்தான் துவைக்கிறாள்.

அன்று சாயங்காலம் நான் ஒரு பழைய ஜாப் கார்டின் பின்பக்கத்தில் ‘எதைப் பொறுத்து மட்டம்?’ என்று எழுதிவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு பூமியைப் பொறுத்து மட்டமாக இருக்க வேண்டும். வண்டிக்குப் பூமி தினமும் மாறும். அதனால் பிரேம் தனக்குத்தானே சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எதிரெதிர் மூலைகளுக்கு நடுவே உள்ள தூரம் இரண்டும் ஒன்றா? நான்கு மூலையும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா, அல்லது முறுக்கிக்கொண்டு கிடக்கின்றனவா? இவ்வளவையும் நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் சக்கரத்தைக் கழற்றி, பிரேமை நான்கு ஹாலோ பிளாக்கின்மேல் ஏற்றினோம். அப்பாவிடம் நூல் கேட்டேன். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல் இழுத்துக் கட்டினோம். முறுக்கு இல்லை என்றால் இரண்டு நூலும் நடுவில் ஒன்றையொன்று தொட வேண்டும். எங்கள் நூல்களுக்கு நடுவே என் சுண்டுவிரல் போகும் அளவுக்கு இடைவெளி இருந்தது. டேப் வைத்து அளந்தால் ஒரு குறுக்கை விட இன்னொரு குறுக்கு ஒன்றரை அங்குலம் நீளம்.

அப்பா குனிந்து அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது நம்ம நூலுதான? இதுல இப்படி ஒரு வேலை இருக்குன்னு தெரியாமப் போச்சே” என்றார். முந்தின நாளிலிருந்து பேசாமல் இருந்தவர் அப்போதுதான் பேசினார்.

நண்பன் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே வந்தான். பின்பக்கக் குறுக்குச் சேனலில் கிரைண்டர் பட்டதும் இரும்புத்தூளுக்குப் பதிலாக வெள்ளைப் பொடி பறந்தது. பட்டி. கார்களுக்கு நசுங்கல் மறைக்கப் பூசுவார்களே, அதேதான். அதைத் தட்டி எடுத்தால் உள்ளே மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். ஜெனரேட்டர் உட்கார்ந்து வருடக்கணக்காக அதிர்ந்த இடம்.

நண்பன் விற்றவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, “தேறாதுலே” என்றான். “இரும்புக் கடையில போட்டுட்டு வேற பாரு.”

வேறு பார்க்க எனக்கு நாளும் இல்லை, கையில் காசும் இல்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. “எது எது சரியா இருந்தே ஆவணும், எது எது கோணலா இருந்தாலும் பரவாயில்ல, அத மட்டும் சொல்லு” என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பீடியை அணைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தான். “சக்கரம் ரெண்டும் நேரா ஓடணும். பத்தவச்ச இடம் விடக்கூடாது. ஒங்கம்மைக்கு உள்ள போயி கதவு மூடணும். மிச்சத்த யாரு கேக்கப் போறா?”

“அப்ப அறு” என்றேன்.

விரிசல் விட்ட குறுக்குச் சேனலை அறுத்து எடுத்தான். முன்மூலையில் பற்றவைத்திருந்த இரண்டு இணைப்புகளையும் இளக்கினான். நீளமான குறுக்கில் செயின் பிளாக்கை மாட்டி, நானும் அப்பாவும் சங்கிலியை இழுத்தோம். இரும்பு முனகிக்கொண்டே நகர்ந்தது. டேப்பில் இரண்டு குறுக்கும் ஒன்றாக வந்ததும் கிளாம்ப் போட்டுப் புதுச் சேனலை வைத்துப் பற்றவைத்தான். சூடு ஆறட்டும் என்று டீ குடிக்கப் போனோம். வந்து அளந்தால் அரை அங்குலம் திரும்பிப் போயிருந்தது. பற்றவைத்த இடம் ஆறும்போது இரும்பை இழுத்துக்கொள்கிறது. மறுநாள் அறுத்து மறுபடி செய்தோம். இந்தத் தடவை ஓர் அங்குலம் கூடுதலாக இழுத்து வைத்துப் பற்றினான். ஆறியதும் எதிர்ப்பக்கமாக அதே அரை அங்குலத்தில் வந்து நின்றது.

“இன்னொரு தடவ அறுத்தா சேனலே மிஞ்சாது” என்றான்.

நூல்களுக்கு நடுவே இப்போது ஒரு தீக்குச்சிதான் போனது. அத்தோடு விடுவது என்று முடிவு செய்தேன். அப்பாவால் விட முடியவில்லை.

“அரை அங்குலம்லா? பாக்குறவன் என்ன சொல்லுவான்? ஒரு கொத்தனான் வீட்டு வண்டின்னு சொல்லுவான்.”

“ஒங்க வீட்டுல செவுரு அரை அங்குலம் வெலகுனா என்னப்பா பண்ணுவீய?”

“பூச்சுல எடுத்துருவோம்.”

“இதுல பூச்சு கெடையாதுப்பா.”

“அதத்தாம்லே நானும் சொல்லுதேன்” என்றார். அவர் கட்டிய வீடுகளில் கோணல் இல்லாமல் இல்லை, ஆனால் கண்ணில் படும்படி ஒன்றை விட்டுவைத்து அவர் இறங்கியதில்லை. அதனால்தான் டிராலியை விற்றவர் விரிசலுக்குப் பட்டி பூசியதை நண்பன் திட்டியபோது அப்பா கூடச் சேர்ந்து திட்டவில்லை என்று தோன்றியது. நான் இறங்கிப்போகவில்லை. மேலே வரும் பெட்டியை அச்சாக நேராகக் கட்டுவோம், கீழே பிரேம் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், இரண்டுக்கும் நடுவே பழைய டயரை வெட்டி ரப்பர் துண்டு கொடுப்போம், எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே தடிமன் கூட்டுவோம் என்றேன். பின் இடது மூலையில் பெட்டி அரை அங்குலம் வெளியே துருத்தும். துருத்தட்டும்.

அப்பா ரப்பர் துண்டுகளை வெட்டினார். ஒவ்வொன்றையும் வைத்து, எடுத்து, சீவி, மறுபடி வைத்தார். கடைசியில் எந்தத் துண்டையும் விரலால் அசைக்க முடியவில்லை.

சக்கரத்தைத் திரும்ப மாட்டும் முன் ஒன்று அளந்தோம். முன்னால் டிராக்டரில் மாட்டும் கொக்கியிலிருந்து, சக்கரம் மாட்டும் ஆக்சிலின் இரண்டு முனைக்கும் தூரம். ஒரு பக்கம் ஓர் அங்குலம் கூடுதல். ஆக்சிலே சாய்வாக உட்கார்ந்திருந்தது. அதையும் இளக்கி நகர்த்தி முறுக்கினோம். நண்பன் தன் லோடு ஆட்டோவுக்குப் பின்னால் டிராலியை மாட்டி இலஞ்சி போகும் சாலையில் மெதுவாக ஓட்ட, நான் பின்னாலேயே பைக்கில் போனேன். சாரலில் நனைந்த தார்ச்சாலையில் ஆட்டோவின் சக்கரத் தடத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளி, டிராலியின் இரண்டு தடங்களும் நேராக விழுந்துகொண்டே வந்தன. ஓர் இடத்தில் பைக்கை நிறுத்தி இறங்கி அந்தத் தடங்களைப் பார்த்தேன். நண்பன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஓடிவந்தான்.

பெட்டி சீக்கிரம் எழும்பியது. சதுரக் குழாயில் கூடு, சுற்றிலும் ஒரு ஜவுளிக்கடையில் கழற்றிய விளம்பரப் பலகையின் தகடு. எழுத்துகள் உள்பக்கம் வரும்படி வைத்ததால் கட்டிலில் படுத்தால் தலைமாட்டில் ‘பட்டு’ என்று தெரியும். கழிப்பறையைப் பின்கோடியில் வைக்கத்தான் வரைந்திருந்தேன். அம்மாவைப் பின்பக்கம் ஏறி நிற்கச் சொன்னேன். முன்பக்கம் தரையைவிட்டு எழும்பியது.

“ஏலே, நான் ஏறுனா வண்டி தலையத் தூக்குது” என்று அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். கழிப்பறையும் அதன் தொட்டியும் ஆக்சிலுக்கு நேர்மேலே நகர்ந்தன. தண்ணீர்த் தொட்டி முன்பக்கம் போனது.

ஆடி முடிய ஐந்து நாள் இருந்தது. கதவுக்கான நிலை தயாராகிவிட்டது. நான் அதைத் தூக்கி வைக்கப் போனபோது அப்பா கையைப் பிடித்தார்.

“ஆடியில நெலை வைக்கப்பிடாது.”

“எப்பா, ஆவணி மூணாந்தேதி வேலைக்குக் கொண்டுபோணும். கதவு மாட்டி, பூட்டு வச்சு, ஒழுகுதான்னு பாக்கணும்லா?”

“முப்பது வருசத்துல நான் ஆடியில நெலை வச்சதில்ல. அடுத்தவன் வீட்டுக்கே வச்சதில்ல. சொந்த ஆளுக்கு வைப்பனா?”

இந்த இடத்தில் எனக்கு வாதம் கிடையாது. அவர் மூடநம்பிக்கைக்காரர் என்று சொல்லிவிட்டுப் போகலாம், படித்தவன் என்று எனக்கொரு வசதி இருக்கிறது. ஆனால் அவர் பயந்தது அம்மாவுக்காக. அவள் உடம்புக்கு ஏதாவது ஒன்று வந்தால் அந்த நிலையைத்தான் அவர் காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார். நான் நிலையைக் கீழே வைத்துவிட்டேன். நண்பன் வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அம்மா கான்கிரீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து, கையை உதறிவிட்டு வந்தாள்.

“இது என்ன, வீடா?” என்று அப்பாவிடம் கேட்டாள்.

“வீடு மாதிரிதான.”

“இது கக்கூசு. கூட ஒரு கட்டிலு கெடக்கு. கக்கூசுக்கு நாளு பாத்து நெலை வச்சவன் தென்காசியில எவனாவது உண்டுமா? நீரு வச்சிருக்கீரா?”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “இல்ல” என்றார்.

“அப்ப வையும்.”

நண்பன் சிரிப்பை அடக்க முடியாமல் பின்பக்கம் போய்விட்டான். அப்பா நிலையை வைத்தார். ஆனால் தூக்குக்குண்டு போட்டு இரண்டு பக்கமும் பார்த்து, யாருக்கும் தெரியாமல் கீழ்ச்சட்டத்தில் ஒரு விரல் மஞ்சளைத் தடவிவிட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஆவணி மூன்றாம் தேதி காலையில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போனோம். உள்ளே யாரும் உட்காரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பின்னால் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டியிருந்தேன். மனைக்குள் மேடு பள்ளத்தில் ஆடி ஆடிப் போனபோது எங்கே எது விடப் போகிறதோ என்று அடியைப் பார்த்தபடியே கூட நடந்தேன். ஒன்றும் விடவில்லை. கதவு திறந்து மூடியது. பெரிய குடிதண்ணீர் கேன் ஒன்றை உள்ளே வைத்துவிட்டு, நான் ஷோரூமுக்குப் போனேன். அன்று எத்தனை கட்டத்தில் டிக் போட்டேன் என்று நினைவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தேன். கேனில் தண்ணீர் குறையவே இல்லை. கழிப்பறை காய்ந்து கிடந்தது.

“எம்மா, என்னம்மா?”

“நாளைக்குப் போறேன்” என்றாள்.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மத்தியானம் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கோபமாகத்தான் போனேன். ஒரு மாதமாக இரும்போடு மல்லுக்கட்டியது கண் முன்னால் நின்றது. மனையில் அம்மாவோடு இன்னும் இரண்டு பெண்கள் ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தார்கள். கலவை மெஷினைச் சுற்றி ஆண்கள் ஐந்தாறு பேர். அப்பா அஸ்திவாரக் குழிக்குள் நின்றார். நான் அம்மாவிடம் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று பட்டுவிட்டது. கதவு மெஷினைப் பார்த்து இருந்தது. அவள் அந்தப் படியில் ஏறினால், அத்தனை ஆண்களும் வேலையை நிறுத்தாமலே பார்க்கலாம். எதற்குப் போகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு நேரம் என்றுகூடத் தெரியும்.

தண்ணீர், எடை, ஆக்சில், கோணல் என்று எல்லாவற்றையும் அளந்தவன் இதை அளக்கவில்லை.

நான் அப்பாவைக் கூப்பிட்டேன். குழியிலிருந்து ஏறிவந்தார். கதவைக் காட்டினேன். அவர் கதவைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். முன்பக்கம் போய் இழுவைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார்.

“ஏலே, பின்னால தள்ளு.”

டிராக்டர் இல்லாமல் அது நகருமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஜல்லிக் கூடையைப் போட்டுவிட்டு அம்மாவும் வந்து தோள் கொடுத்தாள். சக்கரம் ஒரு கல்லில் தடுக்கி நின்றது, பிறகு ஏறி உருண்டது. இரண்டு சக்கரமும் ஒன்றாகவே உருண்டன. எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. வண்டி அரை வட்டம் போட்டுத் திரும்பி, கதவு பக்கத்துக் காலி மனையின் மதிலைப் பார்த்து நின்றது. மதிலுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ஆள் போகும் இடம். அப்பா சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் குழிக்குள் இறங்கிவிட்டார். “என்னவே, வேடிக்கையா? கலவை காயிது” என்று மெஷின்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

அம்மா கையைக் கழுவினாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அவள் வந்ததும் கூட வேலை செய்த ஒரு அக்கா அவளிடம் ஏதோ காதில் கேட்டாள். “போடி, போ. தாப்பாள நல்லா மேல தூக்கிப் போடு” என்றாள் அம்மா. அதற்குப் பிறகு இன்னொருத்தி. நான்கு நாளில், எதிர் மனையில் புதிதாகத் தொடங்கிய வேலைக்கு வந்த பெண்களும் வந்துவிட்டார்கள். கேன் மத்தியானத்துக்குள் காலியாகிவிடுகிறது என்று அம்மா புகார் சொன்னாள். அந்தப் புகாரை அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது வாரம் கீழே உள்ள கழிவுத் தொட்டி நிரம்பிவிட்டது. ஒருத்திக்காகக் கணக்குப் போட்ட தொட்டி. ஏழு பேருக்குப் பற்றாது. இரண்டு மடங்கு பெரியது வைக்க வேண்டும். அதற்கு ஆக்சிலுக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சேனல் கூடுதலாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, மனையில் வேலை உண்டு. நண்பனை அழைத்துக்கொண்டு போனேன். சாக்கு விரித்து மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தோம். அவன் டார்ச் அடித்தான், நான் டேப்பைப் பிடித்தேன். மேலே யாரோ படியேறும் சத்தம் கேட்டது.

“ஏ தம்பிகளா” என்று ஒரு பெண் குரல் கூச்சத்தோடு சொன்னது, “செத்த நேரம் வெளிய வாங்கய்யா.”

நாங்கள் அளவை அப்படியே விட்டுவிட்டு, சாலையோரம் போய் நின்றோம்.